ஃபேட்டி லிவர் கிரேடு 2: இது புற்றுநோய் ஆகுமா? உடல் பருமனுக்கும் கல்லீரல் புற்றுக்கும் நடுவில் நடப்பது என்ன?

உணவுத்தட்டு கேட்டது:

வணக்கம். சர்க்கரை நோய்ப் பிரிவில் உணவியல் ஆலோசனை கொடுக்கும் வேலை என்னுடையது. வயிற்று ஸ்கேனில் "ஃபேட்டி லிவர் கிரேடு 2" என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: "இது கேன்சர் ஆகுமா?" ஆகாது என்றால் அதோடு மறந்துவிடுகிறார்கள். ஆகலாம் என்றால் அன்றிலிருந்து தூக்கம் போகிறது. இரண்டுக்கும் நடுவே உண்மையாக என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதிரிக்கு ஒருவரை வைத்துப் பேசுவோம். ஆண், வயது 54, எடை 86 கிலோ, உயரம் 168 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. கல்லீரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி 48, எஸ்.ஜி.பி.டி 62, பிளேட்லெட் 1.9 லட்சம். மது இல்லை. ஸ்கேனில் கிரேடு 2.

கொழுப்பு எந்த வழியாகப் புற்றுநோய்க்குக் கொண்டுபோகிறது? சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் கடைசி நிலை) வராமலேயே புற்று வருமா? இவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவையா? எடை எவ்வளவு குறைந்தால் பலன்?

---

ஈரல்நலன் பதில்:

மேடம், முதலில் அந்த கிரேடை ஓரம் வைத்துவிடுங்கள். ஸ்கேனில் எழுதும் கிரேடு 1, 2, 3 எல்லாம் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று கண்ணால் போடும் மதிப்பு. அதில் கொழுப்பு பற்றிய தகவல் இருக்கிறது, தழும்பு பற்றி ஒன்றுமே இல்லை. புற்றுநோய் அபாயத்தை முடிவு செய்வதில் பெரும்பங்கு தழும்புக்குத்தான். அதற்கு எஃப்0 முதல் எஃப்4 வரை தனி அளவு உண்டு. எஃப்4 என்றால் சிரோசிஸ்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. தழும்பு முற்றி சிரோசிஸ் ஆகும்போது கல்லீரலில் கொழுப்பு தானாகவே குறைந்துவிடும். போன வருடம் கிரேடு 3, இந்த வருடம் கிரேடு 1 என்று வந்தால் நோயாளி சந்தோஷப்படுவார். எடை குறையவில்லை, சர்க்கரை கட்டுப்படவில்லை, பிளேட்லெட் மட்டும் வருடா வருடம் இறங்குகிறது என்றால் அது நல்ல செய்தி அல்ல. நோய் முற்றியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

எண்கள் பேசட்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல் உள்ள சுமார் 3 லட்சம் பேரையும், அது இல்லாத அதே அளவு ஆட்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வந்தது. கல்லீரல் புற்று வந்த வேகம் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 0.21, இல்லாதவர்களில் 0.02. அதாவது கொழுப்புக் கல்லீரல் உள்ள பத்தாயிரம் பேரில் வருடத்துக்கு இரண்டு பேர். கொழுப்புக் கல்லீரலோடு சிரோசிஸும் சேர்ந்தவர்களில் அதே கணக்கு ஆயிரத்துக்கு 10.6, பத்தாயிரத்துக்கு நூறைத் தாண்டுகிறது. ஐம்பது மடங்கு வித்தியாசம். ஆகவே "ஆகுமா, ஆகாதா" என்பதற்குப் பதில், "உங்கள் கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதுதான்.

சிரோசிஸ் இல்லாமலும் வருமா என்றால், வரும். அதே ஆய்வில் கொழுப்புக் கல்லீரலோடு புற்றுநோய் வந்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்குச் சிரோசிஸ் இருந்ததற்கான அடையாளம் இல்லை. மற்ற காரணங்களால் வரும் கல்லீரல் நோய்களில் இவ்வளவு பார்க்க முடியாது. ஹெப்படைடிஸ் பி மட்டும் விலக்கு.

உங்கள் மாதிரி ஆளுக்கு ஃபிப்-4, அதாவது ரத்த ரிப்போர்ட்டை வைத்துத் தழும்பைக் கணிக்கும் எண், போட்டுப் பார்ப்போம். வயதை எஸ்.ஜி.ஓ.டி-யால் பெருக்குங்கள்: 54 × 48 = 2592. எஸ்.ஜி.பி.டி-யின் வர்க்கமூலம்: 62-க்கு 7.87. அதை பிளேட்லெட்டால் பெருக்க வேண்டும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நம் ஆய்வகங்கள் லட்சத்தில் எழுதுகின்றன; சூத்திரத்துக்கு ஆயிரத்தில் வேண்டும். 1.9 லட்சம் என்றால் 190. 190 × 7.87 = 1495. 2592-ஐ 1495-ஆல் வகுத்தால் 1.73.

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்தால் போதும். 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இவர் நடுவில் இருப்பதால் அடுத்தது ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் சோதனை. 65 வயது தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வயதே எண்ணை ஏற்றிவிடும். 35-க்குக் கீழே இந்தச் சூத்திரம் நம்பத்தக்கதல்ல. இன்னொன்று, டெங்கு அல்லது வேறு வைரஸ் காய்ச்சல் வந்த நேரத்து ரத்த ரிப்போர்ட்டை வைத்து இதைப் போடவே கூடாது. பிளேட்லெட் இறங்கி, எஸ்.ஜி.ஓ.டி ஏறி, நல்ல கல்லீரல்கூட சிரோசிஸ் போலக் காட்டும். காய்ச்சல் முழுதாகத் தேறிச் சில வாரம் கழித்து எடுத்த ரத்தம் வேண்டும்.

ஃபைப்ரோஸ்கேனுக்கு மூன்று மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் ரத்த ஓட்டம் கூடி, கல்லீரல் இறுக்கம் பொய்யாக ஏறும். பருமனானவர்களுக்கு எக்ஸ்.எல் ப்ரோப் (ஆழமாக அளக்கும் பெரிய அளவிமுனை) பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். தோலிலிருந்து கல்லீரல் 25 மி.மீ.-க்கு மேல் ஆழத்தில் இருந்தால் சாதா ப்ரோப் சரிப்படாது. பத்து அளவுகள் எடுத்து நடு எண்ணைத் தருவார்கள். பக்கத்தில் ஐ.க்யூ.ஆர் என்று, அந்த அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் ஒரு சதவீதம் இருக்கும். அது 30-க்கு மேல் இருந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பி முடிவு எடுக்காதீர்கள். இறுக்கம் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் ஆறுதல். 12-க்கு மேல் முற்றிய தழும்பு இருக்கலாம். 15 தாண்டினால் சிரோசிஸ் என்றே எண்ணி நடக்க வேண்டும்.

கூடவே ஒருமுறை ஹெப்படைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் பாருங்கள். ஸ்கேனில் கொழுப்பு தெரிந்துவிட்டது என்பதற்காகப் பலருக்கு இந்தச் சோதனை விடுபட்டுப் போகிறது. பி வைரஸும் பருமனும் ஒரே ஆளில் சேர்ந்தால் கணக்கே வேறு.

---

செல்லறை பதில்:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: கல்லீரலில் தேங்கும் கொழுப்புதான் நஞ்சு என்று. துளித்துளியாகத் தெரியும் ட்ரைகிளிசரைடு உண்மையில் ஓரளவு பாதுகாப்பான சேமிப்பு. 2007-இல் எலிகளில் டி.ஜி.ஏ.டி.2 என்ற என்சைமை அடக்கி, கொழுப்பு அமிலங்கள் ட்ரைகிளிசரைடாக மாறும் கடைசிப் படியைத் தடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு குறைந்தது. சேதமும் தழும்பும் கூடின. குடோனில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை லாரி உள்ளே வந்து வெளியே போக முடியாமல் நெரிகிறது என்பதுதான் கேடு.

அந்த வரத்து எங்கிருந்து? கொழுப்புக் கல்லீரல் உள்ள ஒன்பது பேரில் குறியிட்ட அணுக்களை வைத்து அளந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு இன்றைக்கும் நல்ல வழிகாட்டி. கல்லீரல் கொழுப்பில் 59 சதவீதம் உடல் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தத்தில் வந்து சேர்ந்த கொழுப்பு அமிலம். 26 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கல்லீரலே புதிதாகச் செய்தது. உணவிலுள்ள எண்ணெய் நெய்யிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். "எண்ணெயைக் குறைத்துவிட்டேன், இன்னும் ஏன் கல்லீரலில் கொழுப்பு?" என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம். எண்ணெயைக் குறைத்துவிட்டுச் சோற்றையும் இனிப்புக் காபியையும் பேக்கரிப் பண்டத்தையும் அப்படியே வைத்திருந்தால் மூன்றில் சின்னப் பங்கைத்தான் தொட்டிருக்கிறார்கள்.

தொப்பைக் கொழுப்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போகும்போது, சாப்பிட்ட பிறகும் அது கொழுப்பு அமிலத்தை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கணையம் ஈடுகட்ட இன்சுலினை மேலும் மேலும் சுரக்கிறது. கல்லீரலில் ஒரு விபரீதம்: குளுக்கோஸ் உற்பத்தியை நிறுத்து என்ற இன்சுலினின் கட்டளை காதில் விழுவதில்லை, ஆனால் கொழுப்பு செய் என்ற கட்டளை நன்றாகவே விழுகிறது. எஸ்.ஆர்.இ.பி.பி-1சி என்ற மரபணுச் சாவி திறந்தே கிடக்கிறது. ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும் சி.எச்.ஆர்.இ.பி.பி என்ற இரண்டாவது சாவியைத் திறக்கின்றன. கொழுப்பு செய்யும்போது உருவாகும் மாலோனில் கோ-ஏ, கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் (செல்லின் எரிசக்தி அறை) நுழையும் வாசலையும் அடைக்கிறது. எரிக்க வேண்டிய நேரத்தில் வாசல் இடுங்கிப் போகிறது.

தேங்கியவற்றில் பால்மிட்டிக் அமிலம் போன்ற நிறைகொழுப்பு அமிலங்கள், செராமைடு, டையசைல்கிளிசரால், கட்டற்ற கொலஸ்டிரால் ஆகியவைதான் செல்லைக் கொல்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் டி.என்.ஏ-வைப் பழுதாக்குகின்றன. செல் சாகிறது, பக்கத்துச் செல் பிளந்து இடத்தை நிரப்புகிறது, அதுவும் சாகிறது. இது ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல, இருபது முப்பது வருடம். ஒவ்வொரு பிளவிலும் எழுத்துப்பிழைக்கு வாய்ப்பு. கல்லீரல் புற்றுகளில் அடிக்கடி காணும் பிழை டெர்ட் மரபணுவின் முகப்பில் வருவது. அது செல்லுக்கு முடிவில்லாமல் பிளக்கும் உரிமையைக் கொடுத்துவிடுகிறது. அடுத்து பீட்டா-கேட்டனின், பி53 மரபணுக்களில் வரும் பிழைகள்.

பிழை விழுந்த செல்லை வளர்ப்பது அழற்சி. 2010-இல் சான் டியாகோவில் நடந்த எலிச் சோதனையில், சின்ன வயதிலேயே புற்றூட்டும் ரசாயனம் கொடுத்த எலிகளைக் கொழுப்பு உணவில் பருக்க வைத்தார்கள். கட்டிகள் வெகுவாகக் கூடின. ஐ.எல்-6, டி.என்.எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞைகளில் ஏதேனும் ஒன்றை மரபணு வழியில் துண்டித்ததும் பருமனால் கூடிய அந்தப் பங்கு காணாமல் போனது. ஆண் பெண் வித்தியாசத்துக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது: ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் ஐ.எல்-6 சுரப்பதை அடக்குகிறது என்று 2007-இல் எலிகளில் காட்டினார்கள். 1982-இல் தொடங்கி 9 லட்சம் அமெரிக்கர்களை 16 ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2003-இல் வெளியானபோது, பி.எம்.ஐ 35-க்கு மேலுள்ள ஆண்கள் கல்லீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு இயல்பு எடைக்காரர்களைவிட 4.52 மடங்கு என்று வந்தது. பெண்களில் அது 1.68 மடங்கு.

குடலுக்கும் பங்கு உண்டு. ஜப்பானில் 2013-இல் வெளியான ஆய்வில், பருத்த எலிகளின் குடல் பாக்டீரியா டீஆக்சிகோலிக் அமிலத்தைக் கூடுதலாக உண்டாக்கியது. அந்தப் பித்த அமிலம் கல்லீரலில் தழும்பு செய்யும் செல்களை முதுமை நிலைக்குத் தள்ளி, அவை சுற்றியுள்ள செல்களைத் தூண்டும் பொருள்களைக் கொட்டின. பாக்டீரியாவைக் குறைத்ததும் புற்று குறைந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது காவலின் சிதைவு. லினோலிக் அமிலம் குவியும்போது சி.டி.4 என்ற எதிர்ப்புச் செல்கள் கல்லீரலுக்குள்ளேயே மடிகின்றன என்று 2016-இல் எலிகளில் தெரிந்தது. 2021-இல் இன்னொரு குழு, மீதமிருக்கும் சி.டி.8 செல்கள் களைத்துப்போய், புற்றை விட்டுவிட்டுக் கல்லீரல் திசுவையே தாக்குகின்றன என்று காட்டியது. அதனால் இம்யூனோதெரபி (எதிர்ப்புச் செல்களைத் தூண்டிப் புற்றைத் தாக்க வைக்கும் சிகிச்சை) இவர்களுக்குக் குறைவாக வேலை செய்யுமோ என்ற கேள்வி எழுந்தது. ஆனால் பின்னர் வந்த நோயாளித் தரவுகள் ஒருமுகமாக இல்லை. காரணம் கொழுப்புக் கல்லீரல் என்பதற்காக யாரும் அந்தச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

கட்டி உருவான பிறகு அது கொழுப்பைத் தன் வசதிக்குப் பயன்படுத்துகிறது. பல கட்டிகள் கொழுப்புச் செய்யும் என்சைம்களை ஏற்றிச் சவ்வு கட்டுகின்றன. பீட்டா-கேட்டனின் பிழையுள்ள கட்டிகளோ கொழுப்பு அமிலத்தை எரித்து வாழ்கின்றன. ஆகவே, "சர்க்கரையை முழுக்க நிறுத்திக் கொழுப்பு மட்டும் சாப்பிட்டால் கட்டி பட்டினியில் செத்துவிடும்" என்று யாராவது உங்களிடம் வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கட்டி எந்த ரகம் என்று தெரியாமல் அதற்குப் பிடித்த தீனியையே போடுகிற நிலை வரலாம்.

ஒல்லியானவர்கள் விஷயம் தனி. பி.என்.பி.எல்.ஏ.3 மரபணுவில் 148-ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் மெத்தியோனின் வந்தால், கொழுப்புத் துளியை உடைக்கும் வேலை முடங்குகிறது. 2008-இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம் இன்சுலின் எதிர்ப்பு இல்லாமலேயே கல்லீரலில் கொழுப்பையும், பின்னால் தழும்பையும் புற்றையும் கூட்டுகிறது. 2014-இல் தெரிய வந்த டி.எம்.6.எஸ்.எஃப்.2 மாற்றம் இன்னும் விசித்திரம்: கல்லீரலிலிருந்து கொழுப்பு வெளியேறுவது குறைவதால் ரத்தக் கொலஸ்டிரால் நன்றாக இருக்கும், இதயத்துக்கு நல்லது, கல்லீரலுக்குக் கேடு. "லிப்பிட் ரிப்போர்ட் நார்மல், அப்புறம் எப்படி ஃபேட்டி லிவர்?" என்பதற்கு இதுவும் ஒரு விடை.

---

இனிப்புநீர் கேட்டது:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஈரல்நலன் டாக்டரிடம் ஒரு மாற்றுக் கருத்து. சிரோசிஸ் இல்லாமலும் ஐந்தில் ஒருவருக்குப் புற்று வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து உள்ள எல்லோருக்குமே ஆறு மாத ஸ்கேன் போட்டுவிடுவதுதானே பாதுகாப்பு? ஸ்கேன் செலவும் பெரிதில்லை. சர்க்கரை நோயே கல்லீரல் புற்று அபாயத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறதே.

---

ஈரல்நலன் பதில்:

டாக்டர், அந்த எண்ணைக் கவனமாக வாசிக்க வேண்டும். சிரோசிஸ் இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் புற்று வருகிறது என்பதல்ல. புற்று வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தால் ஐந்தில் ஒருவருக்குச் சிரோசிஸ் இல்லை. சிரோசிஸ் இல்லாத கூட்டம் மிகப் பெரிது. அதனால்தான் ஆளுக்கு அபாயம் மிகச் சிறிதாக இருந்தும் மொத்த எண்ணிக்கை தெரியும்படி வருகிறது. சென்னையில் 2009-இல் வெளியான ஒரு நகர்ப்புற ஆய்விலேயே 32 சதவீதம் பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. மூன்றில் ஒருவரை வருடத்துக்கு இரண்டு முறை ஸ்கேன் மேசையில் ஏற்றினால், உண்மையில் தேவைப்படுகிற சிரோசிஸ் நோயாளிக்குத் தேதி கிடைக்காது. கண்ணில் படும் ஒவ்வொரு சின்னப் புள்ளிக்கும் சி.டி., பயாப்சி, பயம்.

பொதுவாக ஒத்துக்கொண்ட வரம்பு, ஆண்டுக்கு 1.5 சதவீத அபாயத்தை ஒட்டி வந்தால் கண்காணிப்பு பலன் தரும் என்பது. சிரோசிஸ் உள்ளவர் அதன் அருகில் வருகிறார். அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும், கல்லீரல் புற்றில் ஏறக்கூடிய ஏ.எஃப்.பி என்ற புரதத்துக்கான ரத்தச் சோதனையும். எஃப்3 தழும்பு உள்ளவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவு: வயது கூடியவர், ஆண், சர்க்கரை, மது, குடும்பத்தில் கல்லீரல் புற்று என்று சேரச்சேர நான் கண்காணிப்பின் பக்கம் சாய்வேன். எஃப்0 முதல் எஃப்2 வரை வேண்டாம். ஹெப்படைடிஸ் பி உள்ள ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும் சிரோசிஸ் இல்லாவிட்டாலும் தேவை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஸ்கேன் அல்ல, ஃபிப்-4. கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலேயே போட்டுவிடலாம், காசு செலவில்லை.

---

நிழல்படம் பதில்:

கதிரியக்கத் துறைப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். அல்ட்ராசவுண்டை எல்லாரும் ஒரே தரம் என்று நினைக்கிறார்கள். தடித்த வயிற்றுச் சுவரும் கொழுப்பு நிறைந்த கல்லீரலும் ஒலியை உறிஞ்சிவிடும். ஆழத்தில் இருக்கும் பகுதி இருட்டாகிவிடும். கண்காணிப்பு முழுவதும் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே இந்தக் கருவி மிகவும் தடுமாறுகிறது. சிரோசிஸ் நோயாளிகளில் தொடக்க நிலைக் கட்டியை அல்ட்ராசவுண்டு மட்டும் பிடிப்பது பாதிக்குக் கீழே, சுமார் 45 சதவீதம், ஏ.எஃப்.பி சேர்த்தால் 63 சதவீதம் என்று 2018-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது.

ஆறு மணி நேரம் வெறும் வயிறு. நேராகப் படுக்க வைத்து மட்டும் முடிக்காமல் இடப்பக்கம் சாய்த்து, மூச்சை முழுக்க இழுத்துப் பிடிக்கச் சொல்லி, உதரவிதானத்துக்குக் கீழே உள்ள கல்லீரலின் 7, 8-ஆம் பகுதிகளைப் பார்க்க வேண்டும். தவறிப்போகும் கட்டிகள் பெரும்பாலும் அங்கேதான். ரிப்போர்ட்டில் பார்வைத் தரம் ஏ, பி, சி என்று எழுதும் முறை உண்டு. சி என்றால் கல்லீரலில் பாதிக்கு மேல் தெரியவில்லை, அல்லது உதரவிதானத்தில் பாதிக்கு மேல் தெரியவில்லை என்று பொருள். சி போட்ட ரிப்போர்ட்டில் "கட்டி இல்லை" என்ற வரிக்கு மதிப்பு குறைவு. அவருக்குக் கண்காணிப்பை எம்.ஆர்.ஐ அல்லது சி.டி-க்கு மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

ஒரு செ.மீ.-க்குக் குறைந்த புள்ளி தெரிந்தால் மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கலாம். ஒரு செ.மீ. அல்லது மேல், இல்லை ஏ.எஃப்.பி 20-ஐத் தொட்டாலோ ஏறிக்கொண்டே போனாலோ, மூன்று கட்ட (மருந்து செலுத்தி மூன்று வெவ்வேறு நேரங்களில் படமெடுக்கும்) சி.டி அல்லது எம்.ஆர்.ஐ. மருந்து செலுத்தியபின் தமனிக் கட்டத்தில் கட்டி பளிச்சென்று ஏறி, பின் கட்டங்களில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிப்போனால் அது கல்லீரல் புற்றின் கையெழுத்து. தமனிக் கட்டத்தைத் தவறவிட்ட சி.டி இதற்குப் பயன்படாது. "வயிறு சி.டி, மருந்துடன்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பெரும்பாலும் ஒரு கட்டம்தான் எடுப்பார்கள், "கல்லீரல், மூன்று கட்டம்" என்று எழுதுங்கள். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

இந்த இழைக்கு மிகப் பொருந்தும் ஒன்று: படத்தை மட்டும் வைத்து, பயாப்சி இல்லாமல் கல்லீரல் புற்று என்று உறுதி செய்யும் லை-ராட்ஸ் முறை சிரோசிஸ் அல்லது நாட்பட்ட ஹெப்படைடிஸ் பி உள்ளவர்களுக்கும், முன்பே கல்லீரல் புற்று வந்தவர்களுக்கும் மட்டும்தான். சிரோசிஸ் இல்லாத கொழுப்புக் கல்லீரலில் அதே தோற்றம் தெரிந்தாலும் பயாப்சி வேண்டும். வேறு கட்டிகளும் அப்படித் தெரியக்கூடும்.

பித்தப்பையை ஒட்டிக் கொழுப்பு சேராமல் விட்டுப்போன திட்டு இருட்டாகத் தெரிந்து பலரைப் பயமுறுத்தும். ரத்தக் குழாய்களைத் தள்ளாமல், வளைக்காமல், ஓரம் நேராக இருந்தால் பெரும்பாலும் அதுதான். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ-யில் கொழுப்பைப் பிரித்துக் காட்டும் வரிசை தீர்த்துவிடும்.

---

உணவுத்தட்டு கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. எடை பற்றிய கேள்வி மட்டும் மீதி. எவ்வளவு, எவ்வளவு வேகத்தில்? ஊசி மருந்துகள் பற்றியும் கேட்கிறார்கள். காபி நல்லது என்கிறார்களே, அதுவும்.

---

ஈரல்நலன் பதில்:

கியூபாவில் 293 பேரை 52 வாரம் உணவு, நடையில் வைத்து, முன்னும் பின்னும் பயாப்சி செய்து 2015-இல் வெளியிட்டார்கள். உடல் எடையில் 10 சதவீதமோ மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி அடங்கியது; 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. ஆனால் அந்த அளவைத் தொட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். உங்கள் மாதிரி ஆளுக்கு 10 சதவீதம் என்பது 8.6 கிலோ. முதல் இலக்காக 5 சதவீதம், 4.3 கிலோ என்று சொல்லுங்கள். கல்லீரல் கொழுப்பு அதிலேயே நன்றாக இறங்கும். நம்மவர்களுக்கு பி.எம்.ஐ 23-இலிருந்தே அதிக எடை, 25-இலிருந்து பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. மேற்கு வங்கக் கிராமங்களில் 2010-இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதிக எடையும் இல்லை, தொப்பையும் இல்லை. ஆகவே எடை மெஷினை மட்டும் நம்ப வேண்டாம்.

வேகம் வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ. பட்டினி கிடந்து அதைவிட வேகமாக இறக்கினால் கொழுப்பு அமிலம் ஒரேயடியாகக் கல்லீரலுக்குள் பாய்ந்து அழற்சி கூடலாம், பித்தக்கல்லும் வரும். நடை வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு வாங்கப் பேசும் வேகத்தில். எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறையும் என்பதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். மெஷின் அசையவில்லை என்று இரண்டாவது மாதத்தில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

சிரோசிஸ் வந்தவருக்கு இந்த அறிவுரையை அப்படியே கொடுத்துவிடாதீர்கள் மேடம். இங்கே உங்கள் துறைதான் உயிர்நாடி. வயிற்றில் நீர், கால் வீக்கம் இருந்தால் எடை குறைப்பு பேச்சே கூடாது. தசை கரைந்தால் ஆளே போய்விடுவார். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், ராத்திரி படுக்கும் முன் ஒரு சிற்றுண்டி, நீண்ட நேரம் வெறும் வயிறு வேண்டாம். கல்லீரல் நோய் என்றால் பருப்பையும் முட்டையையும் நிறுத்தச் சொல்லும் பழைய வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

மருந்துகளில், ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரை 2024 மார்ச்சிலும் செமாக்ளுடைடு என்ற ஊசி 2025 ஆகஸ்டிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன; இரண்டும் எஃப்2, எஃப்3 தழும்புள்ள அழற்சிக் கல்லீரலுக்கு, சிரோசிஸ் வந்தவர்களுக்கு அல்ல. அழற்சியையும் தழும்பையும் குறைப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லி யாருக்கும் ஊசி போட வைக்கக் கூடாது. கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை எஸ்.ஜி.பி.டி கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று நிறுத்துவது பெரிய தவறு. இதயத்துக்கு அது வேண்டும், ஸ்டாட்டின் எடுப்பவர்களில் கல்லீரல் புற்று குறைவாகவே காணப்படுகிறது.

காபி குடிப்பவர்களிடமும் கல்லீரல் புற்று குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. நாளைக்கு இரண்டு கப் அளவிலேயே அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தெரிந்தது. ஆனால் நம் ஊர் டபரா காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூன்று வேளை குடித்தால் நாளைக்கு 25, 30 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. சர்க்கரை இல்லாமல் பழகச் சொல்லுங்கள். காபி பழக்கமே இல்லாதவரைப் புதிதாகத் தொடங்கச் சொல்ல நான் மாட்டேன்.

"லிவர் டானிக்", சீந்தில் பொடி, பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை என்று எது சாப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் கல்லீரலையே கெடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பரிந்துரைக் கடிதத்தில் ஃபிப்-4 எண், பிளேட்லெட்டின் கடந்த மூன்று வருடப் போக்கு, ஹெப்படைடிஸ் பி, சி முடிவு, இடுப்புச் சுற்றளவு இவ்வளவும் எழுதி அனுப்பினால், முதல் சந்திப்பிலேயே யாருக்கு ஃபைப்ரோஸ்கேன், யாருக்குக் கண்காணிப்பு என்று முடிவு செய்துவிடலாம்.